மயிலுக்கு முடி திருத்திய நாள்

லாரியின் பின்கதவைத் திறந்ததும் உள்ளே தெரிந்தது தோட்டம் இல்லை, காடு.

இஞ்சி கதவைப் பிடித்தபடியே நின்றாள். பதினாறு தொட்டிகள். பதினாறிலும் செடிகள், தூங்கி எழுந்த தலை மாதிரி நாலாபக்கமும் சிலிர்த்துக்கொண்டு நின்றன. அவள் கேட்டிருந்தது எட்டு உருண்டை, ஆறு கூம்பு, இரண்டு மயில்.

“இதுல மயில் எது மேடம்?” என்று மேஸ்திரி கேட்டார்.

கிண்டல் இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு இஞ்சி தனியாகப் பிடித்த முதல் வேலை இது என்பது போன வாரமே நமக்குத் தெரியும். வீட்டு அலங்காரக் கண்காட்சிக்கு நுழைவாயில். மலைமேல் இருக்கும் பழைய கோட்டையின் தோட்டத்தைத்தான் அவள் மாதிரியாக எடுத்திருந்தாள். கல்யாணமான புதிதில் அங்கே போயிருந்தபோது, கணவன் போட்டோ எடுக்கக் கூப்பிடக் கூப்பிட, அவள் வேலிச் செடியை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தாள். அந்தத் தோட்டம் வருகிறவரை நேராக உள்ளே விடாது. கூம்புச் செடிகளுக்கு நடுவே ஒடுக்கமான பாதையில் நடத்தி, உருண்டைகளைச் சுற்றித் திருப்பி, இரண்டு மயில்களுக்கு இடையே கொண்டுவந்து நிறுத்தும். அங்கேதான் கோட்டை முழுசாகக் கண்ணில் படும். பார்த்தவர் வாய் தானாகத் திறக்கும். அந்தத் திறந்த வாய்தான் இஞ்சிக்கு வேண்டும்.

சொந்தப் பெயரை அவள் விண்ணப்பப் படிவங்களில் மட்டுமே எழுதுவாள். டேப்பை வைத்து அளக்காமல் எதையும் நம்பாத குணத்தால் வேலைத்தளத்தில் ‘இன்ச் மேடம்’ என்று ஆரம்பித்தது, வாய்க்கு வாய் தேய்ந்து ‘இஞ்சி மேடம்’ ஆகி, வீடு வரைக்கும் வந்துவிட்டது.

அவள் செடி அனுப்பியவருக்குப் போன் போட்டாள்.

“செடி வந்துதுங்களா?” என்றார் அவர் குஷியாக.

“செடி வந்துது. உருவம் வரலை.”

“அதுங்களா. உருவம் வெட்டறவர் லீவு மேடம். மச்சினனுக்குக் கல்யாணம்.”

“எப்ப வருவார்?”

“எட்டாம் தேதி வந்துடுவார்.”

“கண்காட்சி நாளைக்குத் திறக்குது.”

“அப்ப கொஞ்சம் கஷ்டம்தான்,” என்று அவர் மிகுந்த அனுதாபத்தோடு சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மணி ஒன்பதரை. நாலு மணிக்குக் கண்காட்சிக் கமிட்டித் தலைவி பார்வையிட வருகிறார். “நல்லா இல்லைன்னா பலூன் வளைவு வெச்சுக்கறேன்” என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். சொன்னதோடு நிற்கவில்லை. காற்று ஊதாத பலூன் வளைவு ஒன்று, சிவப்பும் மஞ்சளுமாக மடித்து, பம்போடு சேர்த்து அரங்கத்தின் ஓரத்தில் தயாராகக் கிடந்தது. இஞ்சி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நான் ஒண்ணு வெட்டிப் பாக்கட்டுமா?” என்றார் மேஸ்திரி. மர வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ரம்பத்தை எடுத்து ஒரு செடியோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். பிறகு தள்ளி நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“இது உருண்டையா?” என்றாள் இஞ்சி.

“கொஞ்சம் சதுரமான உருண்டை மேடம்.”

மேஸ்திரி தரையில் கிடந்த இலைகளைக் காலால் ஒதுக்கிவிட்டு யோசனையாகச் சொன்னார்.

“இது நம்ம வேலை இல்ல. முடி வெட்டற வேலை. பார்லர்காரங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?”

இஞ்சிக்கு ஒருவரைத் தெரியும். நன்றாகவே தெரியும். ஒரே வீட்டில், அடுத்த அறையில் இருக்கிறார். பதினோரு மாதமாகப் பேச்சு இல்லை, அவ்வளவுதான்.

கணவனின் அக்கா, அதாவது இஞ்சியின் நாத்தனார், கல்யாணமே வேண்டாம் என்று பியூட்டி பார்லரோடு வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர். பதினோரு மாதம் முன்பு, இஞ்சி ஒரு பரிசு வாங்க மேடை ஏற வேண்டியிருந்தது. “நுனி மட்டும் ரெண்டு இன்ச் எடுக்கறேன்” என்று உட்கார வைத்த நாத்தனார், பேச்சு சுவாரஸ்யத்தில் காது வரைக்கும் வந்துவிட்டார். “வளரும் விடு” என்று வேறு சொன்னார். இஞ்சி கண்ணாடியைப் பார்த்தாள். கடை நிறைய வாடிக்கையாளர்கள் இருந்தார்கள் என்பதையும் பார்க்காமல், “இது முடி வெட்டினது இல்ல அண்ணி, புல்லு வெட்டினது” என்று சொல்லிவிட்டாள்.

அன்றோடு சரி. உப்பு எங்கே, சாவி எங்கே, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று எல்லாப் போக்குவரத்தும் கணவன் வழியாகத்தான். அவன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறான். தொழிலிலும் வீட்டிலும் அவன் கால் எப்போதும் பிரேக் மேலேயே இருக்கும்.

இஞ்சி அவனைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, ஒரு உதவி.”

“சொல்லு. மெதுவா, மெதுவா. அவசரப்படாத.”

“நான் அவசரப்படலையே.”

“உன்னைச் சொல்லல. பக்கத்துல கத்துக்கறவர் இருக்கார். நீ சொல்லு.”

“உங்க அக்கா இங்க வந்து கொஞ்சம் செடி வெட்டித் தரணும்.”

எதிர்முனையில் கார் குலுங்கி நின்ற சத்தம் கேட்டது. நிறுத்தியது கற்றுக்கொள்பவரா, கணவனா தெரியவில்லை.

“நீயா கேக்கற?”

“நீங்க கேளுங்க, நான் கேட்டேன்னு.”

ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டான். “கேட்டேன். அவ வாயால கேக்கட்டும்னு சொல்லுது. நடுவுல நான் இருக்கக் கூடாதாம். எனக்கே கேக்க சந்தோஷமா இருந்துது.”

இஞ்சி பலூன் வளைவைப் பார்த்தாள். பிறகு போனில் ‘கத்தரி’ என்று பதிந்து வைத்திருந்த எண்ணைத் தேடி எடுத்தாள். ஆறாவது ரிங்கில் எடுத்தார்.

“அண்ணி, நான்தான்.”

“எந்த நான்?”

“உங்க தம்பி பொண்டாட்டி.”

“ஓ. புல்லு வெட்டணுமாமே.”

பதினோரு மாதமாக இந்த ஒரு வரியை அவர் தீட்டி வைத்திருக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. இஞ்சி விழுங்கிக்கொண்டாள்.

“ஆமா அண்ணி. எட்டு உருண்டை, ஆறு கூம்பு, ரெண்டு மயில்.”

“மயில் தோகை விரிச்சா, மடிச்சா?”

“மடிச்சு.”

“அப்ப சரி. விரிச்சதுன்னா நாளாகும். இருபது நிமிஷத்துல வர்றேன்.”

வெள்ளிக்கிழமை, பார்லரில் கூட்டம் நெரியும் நாள். அதை அப்படியே விட்டுவிட்டு எப்படி வருகிறார் என்று கேட்க இஞ்சிக்கு அப்போது தோன்றவில்லை.

சொன்னபடி இருபதாவது நிமிடம் ஒரு பெரிய பையைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். இஞ்சியைப் பார்த்துத் தலையை அசைத்தார். அது வணக்கமா, முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்ததா, சொல்ல முடியாது. நேராகச் செடியிடம் போனார். விரல்களை உள்ளே விட்டுக் கோதிப் பார்த்தார்.

“எத்தனை நாளா தண்ணி வைக்கல? நுனியெல்லாம் வெடிச்சிருக்கு.”

பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து, தொட்டியைச் சுற்றிப் போர்த்தி, பின்பக்கம் கிளிப் போட்டார். தண்ணீர்ப் புட்டியால் புஸ் புஸ் என்று அடித்தார். மேஸ்திரியைப் பார்த்து, “இதைச் சுத்திச் சுத்தி என்னால நடக்க முடியாது. சுத்தற நாற்காலி இருக்கா?” என்றார்.

கமிட்டி அலுவலகத்திலிருந்து ஒரு சுழல் நாற்காலி வந்தது. மேஸ்திரி தொட்டியைத் தூக்கி அதில் உட்கார வைத்தார். உட்கார வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் துணி போர்த்திய அந்தச் செடி, முறைக்காகக் காத்திருந்து இடம் கிடைத்த ஆள் மாதிரியே இருந்தது.

கத்தரி பேச ஆரம்பித்தது. நாத்தனார் இடுப்பை வளைத்து, கீழிருந்து மேலாக வெட்டிக்கொண்டு போனார். மேஸ்திரி நாற்காலியைக் கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பினார். பத்து நிமிடத்தில் ஒரு உருண்டை. கையால் உருட்டி வைத்தது போல இருந்தது.

நாத்தனார் பழக்கதோஷத்தில் பின்னால் கைக்கண்ணாடியைப் பிடித்து, “பின்பக்கம் ஓகேவா?” என்றார்.

செடி பதில் சொல்லவில்லை. “ஓகே,” என்றார் மேஸ்திரி அதன் சார்பாக.

மேஸ்திரி சதுரமாக்கிய செடியைக்கூட அவர் கைவிடவில்லை. “எவன் வெட்டினது இது?” என்று கேட்டுக்கொண்டே மூலைகளை எடுத்துக் கூம்பாக்கிவிட்டார். மேஸ்திரி அந்த நேரம் பார்த்து ஆணி தேடப் போயிருந்தார்.

மத்தியானத்துக்குள் எட்டு உருண்டையும் ஆறு கூம்பும் முடிந்தன. இஞ்சி டேப்பை நீட்டிக்கொண்டு பின்னாலேயே அலைந்தாள்.

“அண்ணி, மூணாவது கூம்பு ஒரு இன்ச் கூட இருக்கு.”

“இருக்கட்டும்.”

“வரைபடத்துல எல்லாம் ஒரே உயரம்.”

“வரைபடத்துக்கு முகம் கிடையாது. இதுக்கு இருக்கு. இது கொஞ்சம் பருமனான ஆளு. உயரத்தைக் குறைச்சா மத்தளம் மாதிரி ஆயிடும்.”

“கோட்டையில அப்படி இல்ல.”

“கோட்டையில வெட்டினது நான் இல்லையே.”

மேஸ்திரி இருவரையும் மாறி மாறிப் பார்த்து, யாரும் கேட்காமலே டீ வாங்கப் போனார்.

இரண்டரை மணிக்கு மயில்கள் தயாராகின. மேஸ்திரி வளைத்துக் கொடுத்த கம்பியில் நீளக் கிளைகளைக் கட்டிக் கழுத்தாக்கி, அடர்ந்த பக்கத்தைத் தோகையாக இழுத்து, உச்சியில் மூன்று தளிரைக் கொண்டையாக விட்டிருந்தார் நாத்தனார். இஞ்சி வாயைத் திறந்து பார்த்தாள். பிறகு டேப்பை எடுத்தாள்.

“இடது மயிலோட கழுத்து அரை இன்ச் தடிமன் அதிகம்.”

“அதைத் தொடாத.”

“அரை இன்ச்தான் அண்ணி.”

“அங்க கிளை மெலிசு. இலைதான் தடிமனாக் காட்டுது. தொட்டா போச்சு.”

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். ஜோடி இல்லையா?”

“நான் வெட்ட மாட்டேன்.”

“கொடுங்க, நானே எடுத்துக்கறேன்.”

அவள் கத்தரியை வாங்கி, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அரை இன்ச் எடுத்தாள்.

மயிலின் தலை கம்பியை விட்டு நழுவி, துணியில் பட்டு உருண்டு, அவள் செருப்பின் மேல் வந்து நின்றது.

இஞ்சி குனிந்து தலையை எடுத்தாள். இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். கையை எடுத்ததும் மறுபடி விழுந்தது. கையில் கத்தரி, காலடியில் தலை. பதினோரு மாதமாக யாரைப் பற்றி என்னவெல்லாம் மனசுக்குள் திட்டித் தீர்த்தாளோ, அத்தனையும் வரிசையாகத் திரும்பி வந்து அவள் எதிரே நின்றன.

நாத்தனார் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். எது சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டாள்.

நாத்தனார் நாற்காலியை ஒரு சுற்று சுற்றவிட்டுப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று புரிய இஞ்சிக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“சொல்லுங்க அண்ணி,” என்றாள். “சொல்லிடுங்க.”

“என்னத்தை?”

“வளரும்னு.”

அவ்வளவுதான். நாத்தனார் மேஸ்திரியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இஞ்சிக்கு முதலில் அழுகைதான் வந்தது. அது தொண்டையைத் தாண்டுவதற்குள் சிரிப்பாகிவிட்டது. என்ன விஷயம் என்று தெரியாவிட்டாலும் மேஸ்திரியும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்.

“சரி, மணி என்ன?” கண்ணைத் துடைத்துக்கொண்டார் நாத்தனார். “தலை போனா என்ன, கழுத்து பாதி இருக்கு. அதைப் பின்பக்கம் வளைச்சுடு. தலையை றெக்கைக்குள்ள சொருகிக்கிட்டுத் தூங்கற மாதிரி ஆக்கிடலாம். மேஸ்திரி, கம்பி.”

தலைவி மூன்று நாற்பதுக்கே வந்துவிட்டார். சீக்கிரம் வருவது அவர் வழக்கமாம். கூடவே குறிப்பு எடுக்க ஒருவர். கூம்புகளுக்கு நடுவே நடந்தார். உருண்டைகளைச் சுற்றினார். திருப்பத்தில் வந்து, இரண்டு மயில்களுக்கும் இடையே நின்றார். எதிரே விளக்குகளோடு அரங்கம் முழுசாகத் திறந்து கிடந்தது.

அவர் வாய் திறக்கவில்லை.

தலைவி வலது மயிலைப் பார்த்தார். இடது மயிலைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

“நானும் அந்தக் கோட்டைக்குப் போயிருக்கேன். அங்க ரெண்டு மயிலும் நிமிர்ந்துதான் நிக்கும்.”

“ஆமாம் மேடம்.”

“இது தூங்குதா?”

“ஆமாம் மேடம்,” என்றார் நாத்தனார், இஞ்சி வாயெடுப்பதற்குள். “ஒண்ணு முழிச்சிருந்தா ஒண்ணு தூங்கணும் இல்லையா? ஜோடின்னா அப்படித்தானே.”

தலைவி அதை யோசித்தார். பிறகு குறிப்பு எடுப்பவர் பக்கம் திரும்பினார்.

“நம்ம கமிட்டிக் கூட்டத்துல பாதி பேர் இப்படித்தான் இருப்பாங்க.” முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “அந்தப் பலூனை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.”

இஞ்சிக்குக் கால் தரையில் பாவவில்லை.

“ஒரு விஷயம்,” என்றார் தலைவி போகிற போக்கில். “பத்து நாள் கண்காட்சி. செடி வளர்ந்துக்கிட்டே இருக்கும். தினமும் காலையில வந்து திருத்த உங்க ஆள் இருப்பாங்க இல்ல?”

இஞ்சி தயங்கினாள். பார்லரை விட்டுவிட்டுத் தினமும் எப்படி?

“இருப்பேன்,” என்றார் நாத்தனார்.

தலைவி போன பிறகு இருவரும் விளக்குமாற்றை எடுத்தார்கள். சாக்கு சாக்காக இலை. பெருக்கிக்கொண்டே இஞ்சி கேட்டாள்.

“கீழருந்து மேல வெட்டணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி? தலைமுடிக்கு அப்படி வெட்ட மாட்டீங்களே.”

“பார்க்குல தோட்டக்காரர் வெட்டறதைப் பார்த்துத்தான். மூணு வாரமா தினமும் எதிர் பெஞ்சுலதானே உக்காந்திருக்கேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது போல. விளக்குமாறு நின்றது.

“மூணு வாரமா பார்க்குலயா?” என்றாள் இஞ்சி. “அப்ப கடை?”

காலையில் தூக்கமாட்டாமல் தூக்கி வந்த பை பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே கத்தரிகள், சீப்புகள், முடி உலர்த்தும் மெஷின், பார்லர் சுவரில் இருக்க வேண்டிய கடிகாரம், கல்லா மேல் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பூச்சாடி. ஒரு நாள் வேலைக்கு யாரும் சுவர்க் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வருவதில்லை.

“மூடிட்டீங்களா?”

“உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லாத.”

“ஏன் மூடினீங்க?”

“சொல்றேன். இங்க வேணாம். அவனுக்கு மட்டும் தெரியக் கூடாது. முக்கியமா அவனுக்கு.”

அந்த ‘முக்கியமா’ இஞ்சிக்குச் சரியாகப் படவில்லை. காலை ஒன்பது மணிக்குக் கடைக்குப் போவதுபோல் கிளம்பி, பார்க் பெஞ்சில் பொழுதைத் தள்ளிவிட்டு, ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து களைத்த மாதிரி உட்காரும் நாத்தனாரை நினைத்துப் பார்த்தாள். பக்கத்து அறையில் இருந்துகொண்டு தனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பேசியிருந்தால் தெரிந்திருக்கும்.

“சொல்ல மாட்டேன்,” என்றாள்.

வாசலில் ஹாரன் கேட்டது. கூரையில் பெரிய ‘எல்’ எழுத்தோடு கணவனின் கார். அவன் இறங்கி வந்து, ஒரே சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இருவரையும் பார்த்தான். முகம் மலர்ந்துபோயிற்று.

“பேசிட்டீங்களா? அப்பாடா. இனிமே உப்பு டப்பா எங்கன்னு என்னைக் கேக்க மாட்டீங்க இல்ல?” சாக்கை வாங்கிக்கொண்டான். “அக்கா, உன் கடை வழியாத்தான் வந்தேன். யாரோ ஏணி போட்டு போர்டைக் கழட்டிட்டிருக்காங்க. என்னாச்சு?”

நாத்தனாரின் முகத்தில் இருந்த ரத்தம் இறங்கியதை இஞ்சி பார்த்தாள். யோசிக்க நேரம் இல்லை.

“நான்தான் கழட்டச் சொன்னேன்,” என்றாள். “புது போர்டு வைக்கறோம். டிசைன் என்னோடது.”

“அட. என்ன பேரு?”

இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

“மயில்,” என்றாள் இஞ்சி.

“நுழைவாயில்,” என்றார் நாத்தனார், தலைக்கு மேலே எழுதியிருந்ததைப் படித்து.

கணவன் ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தான்.

“மயில் நுழைவாயிலா?” என்றான் மெதுவாக. “பார்லருக்கு இப்படி ஒரு பேரா?” சொல்லிப் பார்த்துக்கொண்டான். “இல்ல, கேக்கக் கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுத்துப் பிழை இல்லாம எழுதறாங்களான்னு பாக்கணும். வாங்க, ஏறுங்க. அஞ்சு நிமிஷம், நேரா அங்க போய் ஏணியில நிக்கறவர்கிட்ட நானே ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்.”

பின்சீட்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கார் கிளம்பியது. வீட்டுக்குப் போக இடது பக்கம் திரும்ப வேண்டும். அவன் கவனமாக இண்டிகேட்டர் போட்டு, பின்னால் வண்டி வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்து, வலது பக்கம் திருப்பினான்.